அக்கா தீட்டிய தங்கையின் முகம்

கல்கிசையில், கடலோர ரயில் பாதைக்கு அணித்தாக உள்ள நண்பர் ஒருவரின் இல்லத்து முன்கூடத்தில் நெடுங்காலமாக ஒரு படம் தொங்குகின்றது. அசல் ஓவியமன்று; அச்சிட்ட பிரதியொன்றைக் கண்ணாடிச் சட்டத்தினுள் இட்டு மாட்டியிருக்கின்றனர். உப்புக் காற்றுப் பட்டு அதன் விளிம்புகள் பழுப்பேறிவிட்டன. படத்தில் மூன்று இளம் பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். உடைகளின் நிறம் கண்ணைப் பறிக்கின்றது. முகங்களிலோ மகிழ்ச்சியின் சாயல் இல்லை. மூவருள் ஒருவரேனும் நம்மை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அவ்வீட்டுக்கு வந்துபோகும் தமிழரும் முஸ்லிம்களும் இம்மூவரையும் உடன்பிறந்தோர் என்றே கொள்வதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம். கலியாணப் பேச்சுக்காகக் காத்திருக்கும் மூன்று குமர்கள் என்று வயதான பெண்மணி ஒருவர் ஒருமுறை சொன்னதும் நினைவிலுண்டு.

அந்த மூதாட்டியின் ஊகம் ஓவியத்தின் உட்பொருளுக்கு மிக அண்மையில் சென்றுவிட்டது. 1935 இல் அமிர்தசரஸில் தீட்டப்பட்ட அவ்வோவியத்தை வரைந்தவர் அம்ரிதா ஷேர்-கில். படத்தில் உள்ளோர் அவரது தந்தைவழி உறவுப் பெண்கள். தமது வாழ்வின் போக்கைத் தாமே தீர்மானிக்கும் உரிமை இல்லாத வீட்டுப் பெண்களின் மௌனத்தை அவர் அதில் பதிவு செய்தார். அம்ரிதாவுக்கென்று உடன்பிறந்தவர் ஒருவரே இருந்தார். இந்திரா என்ற அத்தங்கை இப்படத்தில் இல்லை. ஆனால் அவருடைய முகமே அம்ரிதாவுக்கு உலகப் புகழின் முதற் கதவைத் திறந்து கொடுத்தது. அந்த இந்திரா பின்னாளில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மருமகளானார் என்பதைக் கல்கிசை வீட்டில் நாம் சொன்னபோது கூடியிருந்தோர் நம்பத் தயங்கினர்.

அம்ரிதா 1913 ஜனவரி 30 ஆம் திகதி ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்-கில் மஜீதியா, பஞ்சாபின் சீக்கியப் பிரபுக் குடும்பத்தவர். பாரசீகமும் வடமொழியும் கற்ற அறிஞர். அல்லாமா இக்பாலின் நண்பர். பிரித்தானிய ஆட்சியின் சந்தேகப் பார்வைக்கும் ஆளானவர். தாயார் மேரி அந்துவானெத், ஹங்கேரியப் பாடகி. மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியான இளவரசி பம்பாவுக்குத் துணையாக 1912 இல் லாகூருக்கு வந்த இடத்தில் உம்ராவ் சிங்கைச் சந்தித்து மணந்துகொண்டார். அம்ரிதா பிறந்த மறு ஆண்டு மார்ச்சில் அதே புடாபெஸ்டில் இந்திரா பிறந்தார். முதலாம் உலகப் போர் மூண்டதால் குடும்பம் அங்கேயே தங்க நேர்ந்தது. சிறுமியர் இருவரும் இந்திய மண்ணை மிதித்தது 1921 இல்தான்.

உம்ராவ் சிங்கிற்கு ஒரு பித்து இருந்தது. புகைப்படம் எடுப்பதே அது. தம்மையும் மனைவியையும் மக்களையும் பல்லாண்டுகள் ஓயாது படமெடுத்து வந்தார். ஹங்கேரிய ஆடையில் இரு சிறுமியர், சிம்லா வீட்டில் இரு சிறுமியர், பட்டுச் சேலையில் இரு குமரிகள் என அக்கா தங்கையின் வளர்ச்சி முழுவதும் அவரது கமராவில் பதிவாயிற்று. ஆகவே, அம்ரிதா தூரிகை பிடிப்பதற்கு முன்னரே, உடன்பிறந்தார் இருவரை ஒரே சட்டத்துள் அமர்த்திப் பார்க்கும் பழக்கம் அவ்வீட்டில் வேரூன்றியிருந்தது. ஓவிய விமர்சகர்கள் அம்ரிதாவின் ஆசான்களைப் பட்டியலிடும்போது பரிஸ் பேராசிரியர்களைச் சொல்வர். தந்தையின் கமராவையும் அப்பட்டியலில் சேர்த்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

சிம்லாவில் சகோதரியர் இருவரும் இசையும் நாடகமும் பயின்றனர். அம்ரிதாவுக்கு ஒன்பது வயதாயிருந்தபோது இருவரும் அங்குள்ள கெயிட்டி அரங்கில் கச்சேரி செய்தனர். அக்காவின் கை சித்திரத்தின்பால் திரும்பியது. தங்கை பியானோவோடு நின்றார். கன்னியர் மடப் பாடசாலையில் தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாகக் கூறி அங்கிருந்து அம்ரிதா வெளியேற்றப்பட்டதும் அக்காலத்திலேயே. தாய்மாமன் எர்வின் பக்தாய் இந்தியவியல் அறிஞர்; ஓவியமும் அறிந்தவர். சிறுமியின் திறமையைக் கண்டு, கற்பனையில் வரைவதை விட்டுக் கண்முன் உள்ள மாந்தரை வரையுமாறு நெறிப்படுத்தியவர் அவரே.

உடன்பிறந்தாருள் ஒருவர் தூரிகையையும் மற்றவர் வேறொரு கலையையும் பற்றிக்கொள்வது எமக்குப் புதிதன்று. கல்கிசைக்கு அடுத்த தெஹிவளையில் வளர்ந்த ஐவன் பீரிஸ் 1943 இல் உருவான கொழும்பு ஓவியர் குழுவின் இளம் உறுப்பினராகிப் பின்னர் இலண்டன் சென்றார். அவருடைய தமையன் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸும் அங்கு சென்று திரும்பி, 1956 இல் 'ரேகாவ' திரைப்படத்தைத் தந்தார். அவ்விருவரையும் சேர்த்தே நாம் நினைவுகூருகின்றோம். அம்ரிதாவின் கதை மட்டும் தனியொருத்தியின் கதையாகவே சொல்லப்பட்டு வருகின்றது.

1929 இல் குடும்பம் முழுவதும் பரிஸ் சென்றது. பதினாறு வயது அம்ரிதா முதலில் ஒரு தனியார் ஓவியக் கூடத்திலும் பின்னர் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் அரச நுண்கலைக் கல்லூரியிலும் பயின்றார். அக்காலப் பரிஸ் நாடுவிட்டு நாடு வந்த ஓவியர்களின் நகரம். போலந்தின் கிராக்கோவிலிருந்து வந்த மொய்ஸ் கிஸ்லிங்கும், வார்சாவிலிருந்து வந்த மேலா மூட்டரும் அங்கு மனித முகங்களைத் தீட்டிப் பெயர் பெற்றிருந்தனர். இவ்வாறு வந்து சேர்ந்தோருக்குள்ள பொதுவான சிக்கலொன்று அம்ரிதாவுக்கும் இருந்தது. தாம் எந்நாட்டவர் என்பதே அது. பிறந்த நாட்டில் இந்தியப் பெண், இந்தியாவில் பாதி ஐரோப்பியப் பெண், பரிஸிலோ கீழைத்தேச அழகி என்று ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு பெயர். அவர் தம்மைத் தாமே திரும்பத் திரும்ப வரைந்தார். தம்மை வரையாத வேளைகளில், கைக்கெட்டும் தொலைவில் இருந்த தங்கையை வரைந்தார்.

1932 இல் தீட்டிய 'இளம் பெண்கள்' என்ற ஓவியம் அவ்வாறு பிறந்ததே. அதில் இருவர் அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் இந்திரா. மற்றவர் டெனிஸ் ப்ரூத்தோ என்ற பிரெஞ்சுத் தோழி. இங்கு ஓர் இடமாற்றம் நிகழ்ந்திருப்பதை உற்று நோக்குவோர் அறிவர். நாகரிக ஐரோப்பிய உடையில், தடுமாற்றமின்றி, அவ்விடம் தமக்கே உரியது என்பதுபோல் அமர்ந்திருப்பவர் கருங்கூந்தல் இந்திரா. பரிஸ் நகரத்துப் பெண்ணான தோழியோ பொன்னிறக் கூந்தல் முகத்தைப் பாதி மறைக்க, உடை நெகிழ, காப்பற்றவராய்க் காட்சி தருகின்றார். யார் உள்ளூரார், யார் வெளியூரார் என்ற கேள்வியை ஓவியர் ஒரு சொல்லுமின்றித் தலைகீழாக்கிவிட்டார். அம்ரிதா தமக்குள் இருந்த இரு பெண்களையே இவ்வாறு இரு நாற்காலிகளில் அமர்த்தினார் என்று எழுதியவர்கள் உண்டு. இருக்கலாம். எனினும் அம்முகம் அம்ரிதாவின் முகமன்று, இந்திராவின் முகம் என்பதையும் மறத்தலாகாது. ஒரு பெண்ணை அவளுடைய அக்காவின் உருவகமாக மட்டும் கொள்வது அவளுக்குச் செய்யும் நீதியன்று.

1933 இல் பரிஸின் புகழ்பெற்ற வருடாந்தக் கண்காட்சியில் அவ்வோவியம் தங்கப் பதக்கம் பெற்றது. அதன் மூலம் அந்நிறுவனத்தின் இணை உறுப்பினரானார் அம்ரிதா. அப்போது அவருக்கு வயது இருபது. அத்தகுதியை அடைந்த முதல் ஆசியர் அவர். பதக்கத்தில் ஓவியரின் பெயர் இருக்கும். மணிக்கணக்காக அசையாது அமர்ந்திருந்தவரின் பெயர் இராது. உலக வழக்கு அது.

1934 இறுதியில் அவர் இந்தியா திரும்பினார். ஐரோப்பா பிக்காசோவுக்கும் மத்தீசுக்கும் உரியது, இந்தியாவே தமக்குரியது என்று கருதித் திரும்பினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. 1935 இல் சிம்லாக் கலைச் சங்கம் அவரது படங்கள் சிலவற்றை நிராகரித்து, வேறொன்றுக்குப் பரிசளித்தபோது அப்பரிசை அவர் திருப்பி அனுப்பினார். வங்காள ஓவிய மரபின் மென்மையான பழம்பெருமைக் கனவுகளைக் கடுமையாக விமர்சித்தார். பகைவர் பெருகினர். அவருக்கு அடக்கம் தெரியாது என்றனர். ஆணொருவர் இதனையே செய்திருந்தால் அதற்குக் கொள்கைப் பிடிப்பு என்று பெயரிட்டிருப்பர் என எண்ணாமல் இருக்க முடியவில்லை.

1936 இன் பிற்பகுதியில் அவர் தென்னகப் பயணத்தைத் தொடங்கினார். பம்பாயில் கண்காட்சி நடத்தியபோது கலை விமர்சகர் கார்ல் கந்தலாவாலாவின் நட்புக் கிடைத்தது. மொகலாயச் சிற்றோவியங்களின் நுட்பத்தையும் மலைநாட்டு ராஜபுத்திர ஓவியங்களின் நிறத்தையும் அம்ரிதாவுக்கு அறிமுகம் செய்தவர் அவரே. அடுத்து அஜந்தா, எல்லோரா. பின்னர் ஹைதராபாத். அங்கு கலைப்பொருள் சேர்ப்பதில் பெரும் செல்வத்தைச் செலவிட்ட நவாப் சாலார் ஜங் அம்ரிதாவின் படங்களைப் பார்த்தார், வாங்கவில்லை. அங்கிருந்து திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி, மதுரை என்று அவரது பாதை நீண்டது. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனையின் சுவரோவியங்களின் முன் நாட்கணக்கில் அமர்ந்து கோட்டுருவங்கள் வரைந்தார்.

சிம்லாவின் குளிரிலும் பரிஸின் சாம்பல் வானத்தின் கீழும் பழகிய கண்களுக்குத் தென்னாட்டின் வெயில் ஓர் அதிர்ச்சி. வெண்ணிற வேட்டி, செம்மண், கரிய மேனி. இம்மூன்றும் அவரது வண்ணத்தட்டையே மாற்றின. அதுவரை ஓவியர் பலர் இந்தியரை வரையும்போது மேனியின் கருமையை மஞ்சளாகவோ பொன்னிறமாகவோ வெளிறச் செய்து வந்தனர். அம்ரிதா கருமையைக் கருமையாகவே, அழகாகவே தீட்டினார். சிம்லாவுக்குத் திரும்பி 1937 இல் அவர் முடித்த மூன்று பெரும் ஓவியங்கள் தென்னிந்திய முத்தொகுதி என அறியப்படுகின்றன. மணப்பெண்ணின் ஒப்பனை, பிரமச்சாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார் என்பன அவை. அவற்றுள் 'பிரமச்சாரிகள்' ஓவியத்தில் வேட்டி அணிந்த ஐந்து இளைஞர் அமர்ந்திருக்கின்றனர். ஒவ்வொருவர் மேனிக்கும் ஒவ்வொரு நிறம். ஒவ்வொருவரும் தனித்த சிந்தனையில். உடன்பிறந்தோர் போல் நெருங்கியும் அந்நியர் போல் விலகியும் இருக்கும் மனிதக் கூட்டத்தை இவ்வளவு அமைதியாகத் தீட்டிய நவீன இந்திய ஓவியம் வேறொன்றை எம்மால் எளிதிற் சொல்ல முடியவில்லை.

அம்ரிதா செல்வர் வீட்டுப் பெண். வறியோரை அவர் வரைந்தது மேட்டுக்குடிப் பார்வையே என்று குறை கூறுவோர் உளர். அதில் உண்மை சிறிது உண்டு. கிராமத்தாருடன் அவர் வாழ்ந்தாரில்லை. ஆயினும் தாம் வரைந்த எவரையும் அவர் காட்சிப்பொருளாக்கவில்லை. எவர்மீதும் இரக்கம் காட்டிச் சிறுமைப்படுத்தவுமில்லை. 1937 இல் பம்பாய்க் கலைச் சங்கம் 'மூன்று பெண்கள்' ஓவியத்திற்குத் தங்கப் பதக்கம் அளித்தது. கல்கிசை வீட்டில் தொங்குவது அதன் பிரதியே.

அக்கா தென்னாட்டைத் தமது ஓவியத்தினுள் கொண்டுவந்த அதே காலப்பகுதியில், தங்கையின் வாழ்வினுள்ளும் தென்னாடு புகுந்தது. இந்திரா, இந்திய சிவில் சேவையில் இருந்த தமிழரான கல்யாண் சுந்தரத்தை மணந்தார். சுந்தரம் பின்னாளில் சுதந்திர இந்தியாவின் சட்டச் செயலாளராகவும், 1958 முதல் 1967 வரை அந்நாட்டின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையாளராகவும் பணியாற்றினார். 1962, 1967 பொதுத் தேர்தல்களை நடத்தியவர் அவரே. இவ்வுறவைக் கொண்டு அம்ரிதாவைத் தமிழருக்கு உரியவர் என்று சொந்தம் கொண்டாட நாம் முற்படவில்லை. எவருக்கும் முழுமையாக உரியவராக இருக்க மறுத்தவர் அவர்.

1938 இல் அம்ரிதா புடாபெஸ்ட் சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஏகானை மணந்தார். பெற்றோர் அத்திருமணத்தை விரும்பவில்லை. அவர் ஹங்கேரியில் இருந்தபோது அவருக்கு வந்திருந்த கடிதங்கள் பலவற்றைப் பெற்றோர் எரித்துவிட்டனர். ஜவஹர்லால் நேரு எழுதியவையும் அவற்றுள் அடங்கும். 1939 இல் தம்பதியர் இந்தியா திரும்பியபோது இரண்டாம் உலகப் போர் வாயிலில் நின்றது. உத்தரப் பிரதேசத்தின் சராயா என்ற கிராமத்தில் மஜீதியா குடும்பத்துக்குச் சீனித் தொழிற்சாலையும் பண்ணையும் இருந்தன. விக்டர் அங்கு மருத்துவரானார். அம்ரிதா அங்கிருந்து ஊஞ்சலாடும் பெண்களையும், மஞ்சள் அரைக்கும் பெண்களையும், கட்டிலில் களைத்துக் கிடக்கும் பெண்ணையும் சிற்றோவியங்களின் செறிவோடு தீட்டினார். தனிமை வாட்டியது. பெற்றோரோடும் தங்கையோடும் எழுதிக்கொண்ட கடிதங்களில் பாசமும் மனத்தாங்கலும் மாறி மாறி வந்தன.

1941 செப்டெம்பரில் கணவனும் மனைவியும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். முஸ்லிம்களும் இந்துக்களும் சீக்கியரும் கூடி வாழ்ந்த லாகூர் அக்காலத்தில் எழுத்தாளர், கவிஞர், ஓவியர் ஆகியோரின் தலைநகராக விளங்கியது. டிசெம்பரில் தனிநபர் கண்காட்சியொன்றுக்கு நாள் குறிக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அம்ரிதா நோயுற்றார். டிசெம்பர் 5 ஆம் திகதி நள்ளிரவில் உயிர் பிரிந்தது. வயது இருபத்தெட்டு. வீட்டு மாடியிலிருந்து காணும் கூரைகளையும் எருமைகளையும் வரையத் தொடங்கிய ஓவியம் அரைகுறையாக நின்றது. குறித்த கண்காட்சி அம்மாத இறுதியில், ஓவியர் இல்லாமலே நடந்தேறியது.

அவர் இறந்த நாட்களிலேயே பிரித்தானியா ஹங்கேரிமீது போர் தொடுத்தது. பகை நாட்டுக் குடிமகன் என்ற காரணத்தால் விக்டர் ஏகான் தடுத்து வைக்கப்பட்டார். நோயின் காரணம் பற்றிப் பலவாறு பேசப்பட்டது. தாயார், மருத்துவரான மருமகன் மீதே பழி சுமத்தினார். துயரிலிருந்து மீளாத அவர் 1948 இல் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஒரு வருடத்துக்கு முன்னரே நாடு பிரிந்து லாகூர் வேறொரு தேசமாகியிருந்தது. மகளின் உடலுக்கு எரியூட்டிய நகரத்துக்குப் பெற்றோர் இனிச் செல்வதாயின் எல்லை கடந்தே செல்லவேண்டும் என்ற நிலை.

எஞ்சியவை படங்கள். கணவரும் தந்தையும் கொடையாக அளித்தவை டில்லியில் 1954 இல் திறக்கப்பட்ட தேசிய நவீன கலைக்கூடத்தின் அடித்தளமாயின. தங்கையின் முகம் பதிந்த 'இளம் பெண்கள்' இன்று அங்குதான் உள்ளது. உம்ராவ் சிங் எடுத்த புகைப்படங்களும் குடும்பக் கடிதங்களும் இந்திராவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. ஒருகாலத்தில் கடிதங்களை எரித்த அதே குடும்பத்தில், இப்போது கடதாசித் துண்டுகளும் காப்பாற்றப்பட்டன. எரிக்கப்பட்டவற்றைப் பற்றி எழுதும் ஆய்வாளர் பலர். காப்பாற்றப்பட்டவற்றை யார் காத்தனர் என்று கேட்போர் சிலரே.

இந்திராவுக்கும் கல்யாண் சுந்தரத்துக்கும் பிறந்தவர்கள் விவான், நவீனா என்ற இருவர். அக்கா தம்பி அல்லது தங்கை என்ற இணை அக்குடும்பத்தில் மீண்டும் ஒருமுறை, இம்முறை அண்ணன் தங்கையாக. 1943 இல் பிறந்த விவான் தமது பெரியம்மாவைக் கண்டதில்லை. அவர் இறந்த இரு ஆண்டுகளின் பின்னரே பிறந்தார். இந்தியாவின் குறிப்பிடத்தக்க ஓவியராக வளர்ந்த அவர், 2001 ஆம் ஆண்டளவில் தாத்தாவின் புகைப்படங்களைக் கணினியில் இட்டு ஒன்றோடொன்று இணைத்து ஒரு தொடரை உருவாக்கினார். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களிலிருந்து அம்ரிதாவும் இந்திராவும் உம்ராவ் சிங்கும் எழுந்து வந்து ஒரே அறையில் நிற்கின்றனர். தந்தையின் கமராவில் தொடங்கி, அக்காவின் தூரிகை வழியாக வந்த சகோதரியர் படம் மூன்றாம் தலைமுறையின் கையில் இவ்வாறு மறுபடியும் வரையப்பட்டது. அம்ரிதாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010 இல் இரு பெரும் பகுதிகளாக வெளியிட்டவரும் விவானே. ஜெர்மனியில் தொலைக்காட்சிப் படத் தயாரிப்பாளராகப் பணியாற்றிய நவீனா தம் பங்குக்குப் பெரியம்மாவைப் பற்றிய குடும்பப் படமொன்றை உருவாக்கினார்.

அம்ரிதாவின் படைப்புகளை இந்திய அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்துள்ளது. அவை நாட்டைவிட்டு வெளியே விற்கப்படலாகாது. உயிரோடிருந்த காலத்தில் வாங்குவோரைத் தேடி ஊர் ஊராகச் சுமந்து சென்ற படங்களுள் ஒன்றான 'கதை சொல்லி', 1937 இல் தீட்டப்பட்டது. 2023 செப்டெம்பரில் டில்லியில் நடந்த ஏலத்தில் அது 61.8 கோடி இந்திய ரூபாவுக்கு விலைபோனது. அந்நாள்வரை இந்திய ஓவியமொன்று ஏலத்தில் பெற்ற அதியுயர் விலை அதுவே. விவான் சுந்தரம் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன், மார்ச் 29 ஆம் திகதி காலமாகியிருந்தார். நவீனா அதற்கு முந்திய ஆண்டே ஹம்பர்க் நகரில் கண்மூடினார்.